பழைய காருக்குச் சாராயம் ஆகாது!

குடி குடியைக் கெடுக்கும் என்பது நமக்குத் தெரிந்த பாடம். கள்ளும் சம்சும் தோட்டப்புறத்தில் எத்தனை குடும்பங்களைச் சாய்த்தன என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், அந்தச் சாராயம் மனிதனை மட்டுமல்ல, வீட்டுக் கொட்டகையில் நிற்கும் பழைய காரையும் கெடுக்கும் என்று சொன்னால் நம்புவீர்களா? நானும் நம்பாதவன்தான். எங்கள் வீட்டு மோரிஸ் மைனர் அதை எனக்குக் கற்றுக் கொடுத்தது.

அன்பு வாசகர்களே, மோரிஸ் மைனரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த அந்தச் சின்னக் கார், அந்தக் காலத்து மலாயாவில் டிரஸரும் பெரிய கிராணியும் பள்ளி ஆசிரியரும் ஆசைப்பட்டு வாங்கிய கார். ஆமை ஓடு போன்ற உடம்பு, தவளைக் கண் போன்ற விளக்கு. எங்கள் அப்பா அதைக் கெடாவில் ஒரு தோட்டத்துக் கிராணியிடமிருந்து, அவர் வேலையை விட்டுப் போகும்போது, தவணை முறையில் வாங்கினார். என் தங்கையைப் பிரசவத்துக்கு ஏற்றிக்கொண்டு போனது அந்தக் கார்தான். பினாங்குத் தைப்பூசத்துக்கு ஆண்டு தவறாமல் எங்களைக் கொண்டு சேர்த்ததும் அதுதான். அப்பாவுக்கு அது கார் அல்ல, வீட்டில் மூத்த பிள்ளை.

எண் ஒன்று, எண்ணெய் வேறு

2023ஆம் ஆண்டு செப்டம்பரில் குடும்பத்தோடு ஹாட்யாய்க்குப் போனோம். "பஸ்ஸில் போகலாம்" என்றேன். அப்பா கேட்கவில்லை. "மைனர் போகும்டா" என்றார். போனது. இரண்டு நாள் சுற்றிவிட்டுத் திரும்பும்போது அங்கேயே எண்ணெய் ஊற்றினோம். குழாயில் 95 என்று பெரிதாக எழுதியிருந்தது. "நம்ம ஊர் தொண்ணூத்தஞ்சுதானே, ஊத்துப்பா" என்றார் அப்பா. டாங்கி நிறைய ஊற்றினேன்.

அங்கேதான் தவறு நடந்தது. தாய்லாந்தில் 95 என்று எழுதிய குழாய் பெரும்பாலும் காசோஹோல் 95. அதாவது, பெட்ரோலோடு எத்தனால் என்ற சாராயத்தைக் கலந்த எண்ணெய். 95 என்ற எண் அந்த எண்ணெயின் ஆக்டேன் தரத்தைக் காட்டுகிறதே தவிர, அதில் சாராயம் இருக்கிறதா இல்லையா என்பதைக் காட்டாது. காசோஹோல் 91, காசோஹோல் 95 இரண்டிலும் பத்தில் ஒரு பங்கு எத்தனால். இ20 என்று எழுதியிருந்தால் ஐந்தில் ஒரு பங்கு. சாராயம் கலக்காத பெட்ரோலுக்கு அங்கே பென்சின் என்று பெயர். அது சில நிலையங்களில் மட்டும் கிடைக்கும், விலையும் கூடுதல். பென்சின் 91 என்ற மலிவு வகையை 2013ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

நமது மலேசியாவில் பெட்ரோலில் எத்தனால் கலந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டீசலில்தான் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருளைக் கலக்கிறோம். 2019ஆம் ஆண்டு முதல் வாகன டீசலில் அது பத்து விழுக்காடு. ஆகவே, எல்லைக்கு அப்பால் என்ன ஊற்றுகிறோம் என்று பார்க்கும் பழக்கம் நமக்கு வரவில்லை.

ஊர் வந்து சேர்ந்தோம். அதன் பிறகு மழைக்காலம். அப்பாவுக்கு முழங்கால் வலி. கார் தகரக் கொட்டகையில் நான்கு மாதம் நின்றது.

கற்பூரம் ஏற்றப் போன நேரம்

2024ஆம் ஆண்டு ஜனவரி 25 தைப்பூசம். அதற்கு முதல் நாள் காலையில் பினாங்குக்குப் புறப்பட ஆயத்தமானோம். கார் முதலில் கிளம்பவே இல்லை. இருமியது, குலுங்கியது, பிறகு ஒருவழியாகப் பற்றிக்கொண்டது. அப்பா அதை ஓட விட்டுவிட்டு வந்தார். நம் வீடுகளில் வழக்கம் என்ன? நெடுந்தூரம் போகுமுன் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து, காருக்குக் கற்பூரம் காட்டுவோம். அம்மா தட்டில் கற்பூரத்தை வைத்துக்கொண்டு முன்பக்கம் வந்து நின்றார். தீப்பெட்டியைக் கையில் எடுத்துவிட்டார்.

தங்கையின் மகள், ஏழு வயதுப் பிள்ளை, மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "பாட்டி, எண்ணெ நாத்தம் அடிக்குது."

அப்பா ஓடிப் போய் எஞ்சினை நிறுத்தினார். மூடியைத் திறந்து பார்த்தால், பெட்ரோல் போகும் ரப்பர்க் குழாய் முழுவதும் ஈரம். அழுத்திப் பார்த்தால் ஊறிப்போன அப்பளம் போல் கொழகொழவென்று இருந்தது. இரும்புக் குழாயோடு சேரும் இடத்தில் வெடித்து, சொட்டுச் சொட்டாக எஞ்சின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அம்மாவின் கையிலிருந்த தீக்குச்சி உரசப்படவில்லை. அவ்வளவுதான் இடைவெளி. அந்தக் குழந்தை வாய் திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. அது மேலே பறந்து போகாது. தரையோடு தவழ்ந்து, பள்ளத்தில் தேங்கி நிற்கும். சில அடி தள்ளி ஏற்றிய விளக்கைக்கூட அது தேடிப் போய்ப் பற்றும். தாய்மார்கள் இதை நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

புட்டிக்குள் இரண்டு அடுக்கு

காரைத் தள்ளிக்கொண்டே டவுனுக்குப் போனோம். அங்கே நாற்பது ஆண்டுகளாக மோரிஸ், ஆஸ்டின் கார்களையே பார்த்து வரும் பெரியவர் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். அவர் முதலில் குழாயைத் தொடவில்லை. டாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் எண்ணெயைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து, வெயிலில் நிறுத்தி வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் புட்டிக்குள் இரண்டு அடுக்கு தெரிந்தது. மேலே பெட்ரோல். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கல் தண்ணீர் மாதிரி ஒன்று.

"அண்ணே, எங்கே எண்ணெய் ஊத்துனீங்க?" என்று கேட்டார்.

அப்பா சொன்னார்.

"அப்படிச் சொல்லுங்க. இது சாராய எண்ணெய். இந்த வண்டி குடிச்சுப் பழகாத வண்டியாச்சே!"

அன்று அவர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே உங்களுக்குத் தருகிறேன்.

சாராயம் ஏன் கலக்கிறார்கள்?

எத்தனால் என்பது கள்ளிலும் சாராயத்திலும் உள்ள அதே பொருள்தான். கரும்புச் சாற்றையோ சர்க்கரைப் பாகுக் கழிவையோ மரவள்ளியையோ சோளத்தையோ புளிக்க வைத்து, காய்ச்சி வடித்து, தண்ணீரை நீக்கி எடுக்கிறார்கள்.

இதில் பெரிய அளவில் இறங்கிய நாடு பிரேசில். 1973ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை தாறுமாறாக ஏறியது. எண்ணெயை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த பிரேசில் திணறியது. கரும்புக்கு அங்கே பஞ்சமில்லை. 1975இல் அரசாங்கமே சாராய எரிபொருள் திட்டத்தைத் தொடங்கியது. 1979இல் எத்தனாலிலேயே ஓடும் ஃபியட் 147 கார் அங்கே விற்பனைக்கு வந்தது. தாய்லாந்தில் 1985ஆம் ஆண்டிலேயே மன்னர் பூமிபோலின் சித்ரலதா அரண்மனைத் திட்டத்தில் கரும்பிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆராய்ச்சி தொடங்கியது.

பிரிட்டனில் 2021ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோல் எல்லாம் இ10 ஆயிற்று. அதாவது பத்து விழுக்காடு வரை எத்தனால். இந்தியா 2022இல் பத்து விழுக்காட்டை எட்டி, 2025இல் இருபதைத் தொட்டது.

இதற்கெல்லாம் காரணம் இல்லாமல் இல்லை. எண்ணெய் இறக்குமதிச் செலவு குறைகிறது. கரும்பு, மரவள்ளி பயிரிடும் விவசாயிக்கு விலை கிடைக்கிறது. பூமியிலிருந்து தோண்டி எடுக்கும் எண்ணெயின் புகை கொஞ்சம் குறைகிறது. விளைபொருளின் விலை ஏறினால் அடுப்பு எரியும், இறங்கினால் அணையும் என்பதை நம்மை விட யார் அறிவார்? ஆகவே, சாராயத்தைக் கலப்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கென்று செய்யப்பட்ட புதிய கார் அதைத் தாங்கும். தொல்லை எல்லாம், அதைக் கனவிலும் காணாத பழைய வண்டிகளுக்குத்தான்.

ரப்பர் நம் பிள்ளை, அதன் குணம் நமக்குத் தெரியும்

விடியுமுன் எழுந்து, நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு, மரம் சீவி, மங்கில் பால் பிடித்தவர்கள் நாம். ரப்பரைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒட்டுப்பால் துண்டைப் பெட்ரோலில் போட்டு வையுங்கள். மறுநாள் அது ஊதிப் பெருத்துக் கூழாகிக் கிடக்கும். சைக்கிள் டியூப் ஒட்டும் பசையே இப்படிப்பட்ட எண்ணெயில் கரைத்த ரப்பர்தானே!

ஆகவேதான் பெட்ரோல் குழாய்க்கு மரத்துப் பாலில் செய்த ரப்பர் உதவாது. நைட்ரில் போன்ற செயற்கை ரப்பரைப் பயன்படுத்தினார்கள். அந்த ரப்பர் பெட்ரோலைத் தாங்கும். தனிச் சாராயத்தையும் ஓரளவு தாங்கும். ஆனால் இரண்டும் கலந்து வந்தால்தான் தாங்காது. தனித்தனியே நல்லவர்களாக இருக்கும் இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்தால் ஊரைக் கெடுப்பார்கள் அல்லவா? அதுபோல, பத்து முதல் இருபத்தைந்து விழுக்காடு சாராயம் கலந்த பெட்ரோலில்தான் பழைய வகை நைட்ரில் ரப்பர் அதிகமாக ஊதிப் போகிறது. பிறகு அதே ரப்பர் காய்ந்தால் சுருங்கி விறைத்து வெடிக்கிறது. எங்கள் மைனரில் நடந்தது இதுதான். அந்தக் குழாய்க்கு வயதும் ஆகியிருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். என்றாவது ஒருநாள் அது போகத்தான் போயிருக்கும். சாராயம் அந்த நாளைச் சீக்கிரம் கொண்டு வந்தது.

கேடு குழாயோடு நிற்பதில்லை. எண்ணெய் பம்புக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர்த் தகடு, கார்புரேட்டரின் அடைப்பு வளையங்கள், தக்கையில் செய்த அடைப்புகள் எல்லாவற்றுக்கும் இதே கதி வரலாம். மிகப் பழைய சில வண்டிகளில் எண்ணெய் அளவு காட்டும் மிதவை, தக்கையில் செய்து அரக்குப் பூசியது. தச்சு வேலை தெரிந்தவர்களைக் கேளுங்கள்: மரச்சாமானுக்கு மெருகு ஏற்ற அரக்கை எதில் கரைக்கிறார்கள்? சாராயத்தில்தான். டாங்கிக்குள்ளும் அதேதான் நடக்கும். அரக்கு கரையும், தக்கை எண்ணெயைக் குடித்து மூழ்கும். பழைய ஃபைபர்கிளாஸ் டாங்கிகள், ஓட்டை அடைக்க உள்ளே பூசிய சில வகைப் பூச்சுகள் ஆகியவையும் இளகி உரிந்து போவதுண்டு.

தண்ணீரைத் தேடும் தாகம்

பெட்ரோலும் தண்ணீரும் சேராது. ஆனால் சாராயமும் தண்ணீரும் பிரியாத நண்பர்கள். காற்றில் உள்ள ஈரத்தையும் சாராயம் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். நம் நாட்டுக் காற்றில் ஈரத்துக்குக் குறைவா? உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் கசிந்து போகும் ஊர் இது.

சாராயம் கலந்த பெட்ரோல், ஓரளவு தண்ணீரைத் தனக்குள் மறைத்து வைத்துக்கொள்ளும். பத்து விழுக்காடு கலந்த எண்ணெய், நூற்றில் அரைப் பங்கு அளவுக்குத் தண்ணீரைத் தாங்கும். அதற்கு மேல் போனால் திடீரென்று பிரிந்துவிடும். பிரியும்போது தண்ணீர் தனியாகப் போகாது, சாராயத்தையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடியில் போய்த் தங்கும். எங்கள் மைனரின் டாங்கி முப்பது லிட்டர்கூடப் பிடிக்காத சிறிய டாங்கி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தேநீர்க் குவளைத் தண்ணீர், சுமார் 150 மில்லிலிட்டர், உள்ளே போனால் போதும். கொட்டகைத் தகரத்தில் ஓட்டை. டாங்கி மூடியின் ரப்பர் வளையம் இறுகிப் போயிருந்தது. நான்கு மாத மழை. வேறென்ன வேண்டும்?

எண்ணெயை உறிஞ்சும் குழாய் டாங்கியின் அடியில்தானே இருக்கிறது? ஆகவே எஞ்சினுக்கு முதலில் போவது அந்தக் கலங்கல்தான். கார் இருமியதன் காரணம் இதுவே.

அடியில் தங்கும் இந்தத் தண்ணீர்ச் சாராயம் நாளடைவில் புளித்துக் காடியாகவும் மாறும். டாங்கியின் இரும்பும், கார்புரேட்டரின் துத்தநாகமும் அலுமினியமும் அதில் அரிக்கப்படும். பித்தளைத் துவாரங்களில் பச்சையாகவும் வெள்ளையாகவும் பூஞ்சை பிடித்த மாதிரி படியும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சாராயம் நல்ல அழுக்கு நீக்கி. இருபது, முப்பது ஆண்டுகளாக டாங்கியின் சுவரில் ஒட்டிக் கிடந்த பிசினையும் துருவையும் அது கழுவி எடுத்துவிடும். நல்லதுதானே என்கிறீர்களா? கழுவிய அழுக்கு எங்கே போகும்? நேராக வடிகட்டிக்கும் கார்புரேட்டருக்கும் போய் அடைத்துக்கொள்ளும்.

பலம் குறைவு, சூடு அதிகம்

ஒரு லிட்டர் எத்தனால் எரிந்தால், ஒரு லிட்டர் பெட்ரோல் தரும் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். ஆகவே பத்து விழுக்காடு கலந்த எண்ணெயில் 100 மைல் ஓட வேண்டிய கார், ஏறக்குறைய 97 மைலோடு நின்றுவிடும்.

சாராயம் எரியக் காற்றும் குறைவாகவே போதும். பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு. புதிய காரில் உள்ள கணினி, புகையை முகர்ந்து பார்த்து எண்ணெயைக் கூட்டிக் கொடுத்துவிடும். பழைய கார்புரேட்டருக்கு மூக்கும் இல்லை, மூளையும் இல்லை. முன்பு திருகி வைத்த அளவில்தான் எண்ணெய் விடும். அதனால் எஞ்சினுக்குள் காற்று மிஞ்சி, எண்ணெய் குறைந்து, இழுவை மட்டுப்படும், மேட்டில் திணறும்.

மேலும், கலந்த எண்ணெய் தனிப் பெட்ரோலை விடச் சுலபமாக ஆவியாகும். உச்சி வெயிலில் நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது, சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் போகும் குழாயிலேயே எண்ணெய் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். கார் நின்றுவிடும். அரை மணி நேரம் ஆற விட்டால் ஒன்றும் நடக்காதது போல் கிளம்பும்.

மற்ற நாட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள்?

மைனர் பிறந்த பிரிட்டனில் இன்னமும் ஏராளமானோர் அந்தக் காரைப் பேணி வைத்திருக்கிறார்கள். 2021இல் இ10 வந்தபோது, அரசாங்கமே அவர்களுக்கு எச்சரிக்கை கொடுத்தது. 2011க்குப் பிறகு விற்ற புதிய கார்கள் எல்லாம் இதைத் தாங்கும், பழங்காலக் கார்களுக்கும் 2000களின் தொடக்கத்தில் வந்த சில வகைக் கார்களுக்கும் இது ஆகாது என்று அறிவித்தது. அவற்றுக்காக, உயர்ந்த ஆக்டேன் பெட்ரோலில் மட்டும் எத்தனால் ஐந்து விழுக்காட்டைத் தாண்டாமல் வைத்தார்கள். அங்கே உள்ள பழைய வாகனக் கழகங்களின் கூட்டமைப்பு, எண்ணெயில் கலக்கும் சில மருந்துகளைச் சோதித்து, உலோகம் அரிப்பதைத் தடுப்பவை எவை என்று சொன்னது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மருந்துகள் உலோகத்தைத்தான் காக்கும், ரப்பரைக் காக்கா.

அமெரிக்காவில் பதினைந்து விழுக்காடு கலந்த எண்ணெயை 2001க்கு முந்திய கார்களிலும், மோட்டார் சைக்கிள்களிலும், புல் வெட்டும் இயந்திரம் போன்ற சிறு எஞ்சின்களிலும் ஊற்றக் கூடாது என்று விதியே இருக்கிறது.

தமிழ்நாட்டில் சொந்தக்காரர்கள் உள்ளவர்கள் அங்கே நடக்கும் பேச்சைக் கேட்டிருப்பீர்கள். மைனருக்கு அங்கே ஒரு பங்காளி உண்டு. 2014 வரை இந்தியாவில் உற்பத்தியான அம்பாசிடர் கார், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வாரிசு. அந்த அம்பாசிடருக்கும், பழைய புல்லட்டுக்கும், பஜாஜ் ஸ்கூட்டருக்கும் இன்று இருபது விழுக்காடு சாராய எண்ணெய்தான். சாராயம் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று போட்ட வழக்கை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. அந்த நாட்டு நித்தி ஆயோக் 2021இல் வெளியிட்ட திட்ட அறிக்கையிலேயே, சாராயம் கலக்காத பெட்ரோலுக்கென்று செய்து, பத்து விழுக்காட்டுக்கு இசைவாக்கிய கார்களுக்கு 6 முதல் 7 விழுக்காடு வரையிலும், அதே வகை இரு சக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 விழுக்காடு வரையிலும் ஓட்டம் குறையலாம் என்று எழுதியிருக்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

உங்களிடம் மோரிஸ் மைனர் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பழைய ஹோண்டா கப் மோட்டார் சைக்கிள் இருக்கும். முதுகில் மாட்டிப் புல் வெட்டும் இயந்திரம் இருக்கும். அவற்றுக்கும் கார்புரேட்டர்தான், அவற்றுக்கும் ரப்பர்க் குழாய்தான். எனவே கீழ்க்கண்டவற்றை மனத்தில் வையுங்கள்.

ஒன்று: எல்லை தாண்டிப் போனால் குழாயில் உள்ள எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், பெயரையும் பாருங்கள். காசோஹோல் என்றோ இ10, இ20 என்றோ இருந்தால் அதில் சாராயம் உண்டு. பழைய வண்டிக்குப் பென்சின் கேட்டு ஊற்றுங்கள்.

இரண்டு: தெரியாமல் ஒரு தடவை ஊற்றிவிட்டால் பயப்பட வேண்டாம். பெட்ரோல் காரில் டீசல் ஊற்றியது போன்ற ஆபத்து இதில் இல்லை. ஓட்டித் தீர்த்துவிட்டு, அடுத்த முறை நல்ல பெட்ரோல் ஊற்றுங்கள். ஊற்றியது குற்றமல்ல, ஊற்றிவிட்டு நிறுத்தி வைப்பதுதான் குற்றம். நாங்கள் வந்த வாரமே அதை ஓட்டித் தீர்த்திருந்தால் பாதித் தொல்லை வந்திருக்காது.

மூன்று: பழைய வண்டியின் எண்ணெய்க் குழாய்களை மாற்றிவிடுங்கள். மாற்றும்போது ஏதோ ஒரு ரப்பர்க் குழாயை வாங்காதீர்கள். குழாயின் மேல் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சடித்த வகையைக் கேளுங்கள். அது சாராய எண்ணெயைத் தாங்கும். வடிகட்டியையும் மாற்றுங்கள்.

நான்கு: நெடுநாள் நிறுத்தி வைக்கும் வண்டியில் கலந்த எண்ணெயை வைக்காதீர்கள். டாங்கி மூடியின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். மழை நீர் இறங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள்.

ஐந்து: புல் வெட்டும் இயந்திரத்தை வேலை முடிந்து பல நாள் வைப்பதானால், டாங்கியைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிச்சம் உள்ள எண்ணெய் தீரும்வரை ஓட விட்டு நிறுத்துங்கள். அதில் நாம் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றுகிறோம் அல்லவா? தண்ணீர் பிரிந்தால், எஞ்சின் எண்ணெய் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். அடியில் உள்ள வறட்டுச் சாராயத் தண்ணீர் எஞ்சினுக்குள் போகும். மசகு இல்லாமல் எஞ்சின் இறுகிப் போகும். ஒரு நாள் சம்பளம் அல்ல, ஒரு மாதச் சம்பளம் போகும்.

ஆறு: வீட்டில் பெட்ரோல் வாசம் வந்தால், "பழைய வண்டி அப்படித்தான்" என்று சொல்லி ஒதுக்காதீர்கள். வாசம்தான் வண்டி சொல்லும் முதல் வார்த்தை. விளக்கு, ஊதுவத்தி, கற்பூரம், சிகரெட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பிள்ளைகளை விலக்கிவிட்டு, பிறகு பாருங்கள்.

மூத்த பிள்ளை மறுபடியும் நடந்தது

அந்த ஆண்டு தைப்பூசத்துக்கு நாங்கள் பஸ்ஸில்தான் போனோம். மைனர் பட்டறையில் கிடந்தது. பெரியவர் டாங்கியைக் கழற்றிக் கழுவினார். குழாய்களையும் பம்பின் ரப்பர்த் தகட்டையும் மாற்றினார். கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்துப் பூட்டினார். அப்பா இரண்டு நாள் பட்டறை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருப்பவரைப் போல.

காரை எடுக்கப் போன அன்று பெரியவர் கேட்டார்: "அண்ணே, இதை வித்துட்டுப் புதுசா ஒன்னு வாங்கினா என்ன?"

அப்பா கைக்குட்டையால் மூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, நான் முப்பது வருஷம் பால் மரம் சீவுனேன். கடைசியில எனக்குன்னு நின்னது இது ஒன்னுதான். இதுக்கு என்ன ஊத்தணும்னு தெரியாம இருந்தது என் தப்பு. வண்டி மேல என்ன தப்பு?"

அடுத்த ஆண்டுத் தைப்பூசத்துக்கு மைனர் எங்களைப் பினாங்குக்குக் கொண்டு சேர்த்தது. புறப்படுமுன் எலுமிச்சம்பழம் உண்டு. கற்பூரமும் உண்டு. ஆனால் இப்போது எங்கள் வீட்டில் ஒரு புதிய வழக்கம் வந்திருக்கிறது. எஞ்சினைக் கிளப்புமுன், சாமி மேடையிலேயே கற்பூரம் காட்டி முடித்து, அது அணைந்த பிறகுதான் காருக்குப் பக்கத்தில் வருகிறோம். அதற்கும் முன்னால், அந்த ஏழு வயதுப் பிள்ளை, இப்போது கொஞ்சம் வளர்ந்துவிட்டாள், முன்பக்கம் வந்து நின்று மூக்கை நீட்டி முகர்ந்து பார்ப்பாள்.

"வாசம் இல்லே தாத்தா, போகலாம்" என்று அவள் சொன்ன பிறகுதான் அப்பா சாவியைத் திருப்புவார்.

உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் இப்படி ஒரு மூத்த பிள்ளை நிற்கிறதா? இன்றைக்கே ஒரு முறை மூடியைத் திறந்து, அந்த ரப்பர்க் குழாயை விரலால் அழுத்திப் பாருங்கள்.